பலகை எங்கடை கதவுக்கே வந்திட்டுது

இஞ்சாருங்கோ,

நான் இரவு வேலைக்குப் போறன், காலமைதான் வருவன். மீன்குழம்பு அடுப்பிலை. புட்டு மூடிக் கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

நாளைக்கு ஏரிப்பக்கம் பனியும் கடுங்காத்தும் எண்டு றேடியோவிலை கேட்டவுடனை, பனி வழிக்கிற முறை எந்த வீட்டுக்கெண்டு கிழமைக்கொருக்கால் கதவு மாத்திக் கொளுவிற பலகையை எங்கடை கதவாலை கழட்டி மேல்வீட்டு லூடர்ஸ் அம்மாவின்ரை கதவிலை கொளுவிப்போட்டியளே. திங்கட்கிழமைதான் அவவின்ரை முறை தொடங்குது. இடுப்பு ஒப்பரேசன் செய்து தடியோடை நடக்கிற மனுசி. மத்தியானம் உங்களை ஏசினதுக்கு நான் கவலைப்படேல்லை.

பின்னேரம் பலகையை எடுக்கப் போனன். கழட்டேக்கை கதவைத் திறந்திட்டா. "என்ரை முறை வந்திட்டுதோ?" எண்டு கேட்டா. உங்களைக் காட்டிக்குடுக்க வாய் வரேல்லை. "இல்லையம்மா, உங்கடை கிழமையையும் என்ரை மனுசன் தானே செய்யப்போறாராம்" எண்டு சொல்லிப்போட்டன். அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு. அப்பிள் கேக் தந்துவிட்டவ. பாதி நான் திண்டிட்டன், மிச்சம் வாசல் வழிச்ச பிறகுதான் உங்களுக்கு.

கையுறை ஹீட்டருக்கு மேலை காயுது. பனி அள்ளுற சவள் கீழ்வாசலிலை நிக்குது. ஆக்கள் ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட முதல் முடிச்சுப்போடுங்கோ. காத்து பலமெண்டால் கழுத்தைச் சுத்திக் கட்டுங்கோ, உங்களுக்கு இருமல் இன்னும் விடேல்லை.

பற்றிமா

நான் வெளிக்கிடேக்கை கதவு மணி அடிச்சுது. லூடர்ஸ் அம்மா தடியை ஊண்டி ஊண்டி இறங்கி வந்து நிக்கிறா. செத்துப்போன தன்ரை மனுசன்ரை கம்பளித் தொப்பி, சிவப்புக் குஞ்சம் வைச்சது, உங்களுக்காம். மேசையிலை வைச்சிருக்கிறன். போட்டுக்கொண்டு இறங்குங்கோ. காலமை அவ ஜன்னலடியிலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பாவாம்.