எந்த ஃபாஸ்ட்டுங்க?

இன்று காலை மை வாசனை போகாத லேபிள் ஒன்று என் மேசைக்கு வந்தது. குழந்தைகள் பனியனின் கழுத்தில் வைத்துத் தைக்கிற துண்டு. 'கலர்ஃபாஸ்ட்' என்று இருந்தது. எழுத்துப் பிழை பார்ப்பதுதானே என் வேலை. பிழை இல்லை. ஆனாலும் கண் அதைத் தாண்டி நகரவில்லை.

கல்யாணமான புதிதில், வீரபாண்டியில் குடியிருந்த வீட்டில், இதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "ஏனுங்க, சாயம் வெரசாப் போயிருமுன்னு அவங்களே எழுதித் தெச்சு விக்கறாங்களா? யோக்கியமான கம்பெனிதானுங்க." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். ஃபாஸ்ட் என்றால் ஆதியில் அசையாதது, இறுகப் பிடித்தது என்றுதான் பொருள். கலரோடு சேர்ந்தால், துவைத்தாலும் போகாத சாயம். விடாப்பிடியாக ஓடுவதைச் சொல்லப்போய், வேகம் என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"நிக்கறதுக்கும் ஓடறதுக்கும் ஒரே வார்த்தைங்களா? வெள்ளைக்காரங்க ஊட்டுல எப்படிங்க சண்டை போடுவாங்க?" என்றாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் எல்லாமே இரண்டு ஃபாஸ்ட்தான். பால்காரர் ஓடுகிற ஃபாஸ்ட். விருந்துக்கு வந்த உன் அண்ணன் நிற்கிற ஃபாஸ்ட்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கட்டியின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் ஃபாஸ்ட்டா இருக்கும்மா" என்றார். நீ என் பக்கம் திரும்பி மெதுவாக, "எந்த ஃபாஸ்ட்டுங்க?" என்றாய். விளையாட்டாகக் கேட்டாயா, பயந்து கேட்டாயா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்த மழைக்கு நீ இல்லை.

உன் ஊதா நைட்டி அலமாரியில் இருக்கிறது. ஊதா கொஞ்சமும் வெளுக்கவில்லை. உன் வாசனைதான் போய்விட்டது. முகத்தைப் புதைத்துப் பார்த்தேன், வெறும் துணி. இந்தச் சாயம் நின்று யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவிநாசிக்குப் போனேன், கும்பிடப் பிடிக்காமல் கோயில் வாசலோடு திரும்பிவிட்டேன்.

நான் 'சரி' என்று எழுதிக் கொடுத்தால்தான் அச்சு மெஷின் ஓடும். மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். "இல்லீங்க" என்று சொல்லி, 'சரி' எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நெஞ்சிலேயே கிடக்கிறது.

ஓடறதுதான், புள்ள. ஓடறதுதான்.