கலிங்கில் அடுக்கிய மூட்டை

குன்னம்,
21.9.2003

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உன்னிடம் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மஸ்கட்டில் உன்னோடு இருக்கும் திருமுருகன் லீவில் வந்து எல்லாம் சொன்னான். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஒர்க் ஷாப் வேலையை விட்டுவிட்டுக் கிடங்கில் பெட்டி தூக்குகிறாயாம். சால்டரிங் கம்பியை இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன் என்றாயாம். அதன்பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ஊரில் ஆவணி மழை நன்றாகப் பெய்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. இந்த வருடம் பருத்தி போடவில்லை, பஞ்சைப் பார்க்க மனம் வரவில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. நான் அதன் கொட்டகையில் ஒரு பக்கம் தட்டி அடைத்துப் படுத்துக்கொள்கிறேன், ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் அத்தைதான் சோறு கொடுத்தனுப்புகிறாள். தட்டில் மிச்சம் வைத்தால், "இப்புடித் துன்னா அண்ணி என்னத்தான் ஏசும்ண்ணே" என்று சண்டைக்கு வருகிறாள்.

இன்ஸூரன்ஸ் விஷயம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கடன் வாங்கியபோது எடுத்த தீ விபத்துப் பாலிசிக்காகத் திருச்சியிலிருந்து ஜூன் மாதம் சர்வேயர் வந்தார். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நீ செய்து வைத்த இன்வெர்ட்டர் பெட்டி இருந்த மூலையில் நின்று, "சார், இது கம்பெனி இன்வெர்ட்டரா, வீட்டுல பண்ணதா?" என்றார். என் மகன் செய்தது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். வீட்டில் செய்த சாதனத்தால் பிடித்த தீ என்றால் கம்பெனி கைவிரித்துவிடும், வீட்டு ஒயரிங்கில் கோளாறு என்றால் கொடுத்துவிடும் என்றார். "வாத்தியாரு நீங்க, பாத்து எழுதுங்க சார். அடுத்த வாரம் வரேன்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் தீக்கான காரணத்தை எழுத நாலு கோடு போட்டிருந்தது.

ஊரே ஒயரிங் என்று எழுதச் சொன்னது. நம் வீட்டு ஒயரிங் தர்மன் செய்தது. அவன் அப்பன் சாமிக்கண்ணு ஊரான் காட்டில் கூலிக்கு மாரடித்துப் படிக்க வைத்த பிள்ளை. அவனே சைக்கிளில் வந்து நின்றான். "எம்மேல போட்டுடுங்க சார். உங்ககிட்ட கணக்குல முட்ட வாங்குனவன்தானே நானு, இன்னொரு முட்ட வாங்குனா கொறஞ்சா போயிடுவேன்?" என்று சிரித்தான். நான் அப்படி எழுதினால் சுற்று வட்டாரத்தில் யாரும் அவனை வாசலில் ஏற்றமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

பேசிக்கொண்டே அவன் காலால் கரியைக் கிளறினான். உன் பெட்டிப் பலகையில் இருந்த பீங்கான் பீஸ் கட்டை அகப்பட்டது. பீங்கான் எரியாது அல்லவா? எடுத்துத் துடைத்து, அதில் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தான். அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

தமிழ், எட்டாம் வகுப்பில் பீஸ் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? நீ மூன்றாவது பெஞ்சில் இருந்தாய். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ வீட்டுக்குப் பீஸ் அப்படி என்று சொன்னேன். மிஞ்சிய தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறுவதால்தான் கரை நிற்கிறது, கரண்ட் மிஞ்சினால் பீஸ் கம்பி உருகி அறுவதால்தான் வீடு நிற்கிறது. தண்ணீர் வீணாகப் போகிறதே என்று நம் ஊரார் ஒரு வருடம் கலிங்கில் மணல் மூட்டை அடுக்கினார்கள், கரை உடைந்து கீழ்க்காடு முழுக்கப் போனது. அந்த மூடத்தனத்தை வருடம் தவறாமல் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன்.

நீ மஸ்கட் புறப்படும்போது பீஸ் கம்பியை ஓர் அட்டையில் சுற்றி, "இது மட்டும்தான் போடணும்" என்று எழுதி ஆணியில் மாட்டினாய். இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன், அதற்குமேல் தாங்காது என்றாய்.

மார்ச் 23, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நடுவில் கரண்ட் போய்விட்டது. வாத்தியார் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று தெருவே நம் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை, டி.வி.யையும் உன் பெட்டியில் மாட்டினேன். பீஸ் போனது. கட்டினேன், மறுபடி போனது. அட்டையில் கம்பி தீர்ந்தது. பழைய ஒயரைச் சீவி, செப்பு இழை மூன்றை முறுக்கிக் கட்டினேன், டி.வி. ஓடியது. உன் அம்மா, "புள்ள வேற கம்பி போடாதன்னானே" என்றாள். "முப்பது வருசம் நடத்துன பாடம், எனக்குத் தெரியாதாடி?" என்று எல்லார் முன்னாலும் அவள் வாயை அடைத்தேன். மறுநாள் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

அந்த ஆட்டம் முடிந்து பதினாறாம் நாள், ஓய்வூதிய நேர்காணலுக்காக அரியலூர் கருவூலத்தில் வரிசையில் நின்றிருந்தேன். இங்கே கரண்ட் போயிருக்கிறது. உன் அம்மா வழக்கம்போல ஃபேனையும் டி.வி.யையும் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். அந்த வழக்கத்தை உண்டாக்கியவனும் நான்தான். பீஸ் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஒயர் சூடேறிப் பற்றியது, பக்கத்தில் பருத்தி மூட்டை. மிச்சம் உனக்குத் தெரியும்.

கருமாதியன்று என் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மாவ நான்தாம்பா கொன்னுட்டேன்" என்று அழுதாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். பீங்கான் கையில் கிடைப்பதற்கு முன்பே தெரியும். உன் தலையைத் தடவிக்கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளையும் என்னை விட்டுவிடுவானோ என்று பயந்தேன். அந்தப் பழியோடு உன்னை விமானம் ஏற்றி அனுப்பினேன். வகுப்பில் ஒருவன் செய்த தப்புக்கு அடுத்தவன் அடி வாங்கும்போது தலை குனிந்து உட்கார்ந்திருப்பவனை நான் மன்னித்ததே இல்லை.

அந்த நாலு கோட்டில் இப்படி எழுதினேன்: "என் மகன் செய்த கருவியில் குறை இல்லை. ஒயரிங்கிலும் குறை இல்லை. பீஸில் போடக்கூடாத கம்பியைப் போட்டவன் நான்." சர்வேயர் படித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காது சார் என்றார். தெரியும் தம்பி என்றேன்.

புதன்கிழமை பதில் வந்தது. காரணம், பாலிசிதாரரின் செயல் என்று டைப் அடித்து, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். உன் பெயர் அதில் எங்குமே இல்லை. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று இழைச் செப்புக் கம்பியையும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். பணம் அனுப்ப வேண்டாம்.

நீ என்னோடு பேசாமலே இருந்தாலும் நியாயம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். கொட்டகைக்கு ஒரு லைட் போட்டுத் தருகிறேன் என்று தர்மன் தினமும் வந்து நிற்கிறான். கொஞ்சம் பொறு, கம்பி வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓர் அட்டையில் பீஸ் கம்பி சுற்றி, முன்போலவே எழுதி, உன் கையால் அனுப்பு. அதுவரை அரிக்கேன் விளக்கு போதும்.

உன் அம்மா அந்தப் பெட்டியைத் தினமும் துடைத்து வைப்பாள். உன் கை நன்றாக இருக்க வேண்டும், தமிழ்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
காசிநாதன்