கையில் கட்டிய ராகு காலம்

கஜா பேராங், மலாக்கா
12-5-1957

கலியாணசுந்தரத்தின் அப்பாவுக்குப் பூங்காவனம் எழுதுவது.

இங்கு எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கும் பழக்கம் விட்டுப்போய்ப் பதினாறு வருஷமாகிறது.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தது. முதலில் வந்ததற்கு முள்ளே இல்லை. முகத்தில் இரண்டு பொத்தல். அதற்குள் எண் நகர்கிறது, வளைக்குள்ளிருந்து எலி எட்டிப் பார்ப்பதுபோல. அடுத்ததில் முள் பின்பக்கமாக ஓடியது. இப்போது வந்ததில் கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக ஒரு புழு சுற்றுகிறது. தலை மணி, வால் நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துத் தொலைத்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றையும் திருப்பி அனுப்புகிறேன். சிங்கப்பூரில் அந்தச் சீன முதலாளி தவுக்கேயின் கடையில் உட்கார்ந்து நல்ல கடிகாரங்களைப் பிரித்து இப்படிப் பூச்சி பொட்டு செய்வதற்கா எங்களை விட்டுப் போனீர்கள்?

கடிகாரத்துக்குச் சுருள்கம்பி வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றுதான் சொன்னீர்கள். அன்று போட்டிருந்தது பச்சைக் கோடு போட்ட சட்டை. மூன்றாவது பித்தான் இல்லை. பிறகு ஜப்பான்காரன் வந்தான். கலியாணசுந்தரத்தைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான். என் மகன் திரும்பி வரவில்லை. நீங்களும் வரவில்லை. அவன் வராததற்குக் காரணம் உண்டு.

இப்போது வீட்டோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். நம் பேத்தி கோகிலாவுக்குச் செங் ஊர் மருதமுத்துவின் மகன் தேவதாஸைப் பேசி முடித்திருக்கிறோம். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ருக்மணியோ தாலியறுத்தவள், மணையில் உட்கார விடமாட்டார்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போது வேறு யாரோ என்னைத் தாரை வார்ப்பதா என்று பிள்ளை அழுகிறாள். அவளுக்காகக் கூப்பிடுகிறேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக் கொடுங்கள். அந்த ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசலாம்.

பூங்காவனம்


சிங்கப்பூர்
3-6-1957

என் அன்புப் பூங்காவனத்துக்கு,

உன் கோபம் முழுவதும் பத்திரமாகக் கிடைத்தது. அது புழு அல்ல, வால்நட்சத்திரம். சமீபத்தில் வானத்தில் எல்லாரும் பார்த்தார்களே, அதேதான். போகட்டும்.

இப்போது ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், இதை நீயே மெச்சுவாய். நாழிகைக் கைக்கடிகாரம். ஒரே முள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பகலுக்கு முப்பது நாழிகை. ராகு காலத்துக்குக் கறுப்புத் தகடு; கிழமைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம். முள் கறுப்புக்குள் நுழைந்தால் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான். அவன் மணி நமக்கு எதற்கு? நாளைக்கு இந்த நாட்டுத் தமிழன் ஒவ்வொருவன் கையிலும் இதுதான் இருக்கும்.

கோகிலா கல்யாணத்துக்கு அவசியம் வருவேன். உன்னை நினைக்காத நாழிகை கிடையாது.

உன்,
பொன்னுதுரை


கஜா பேராங்
14-7-1957

கலியாணசுந்தரத்தின் அப்பாவுக்கு,

முகூர்த்தம் செப்டம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அய்யர் குறித்துக் கொடுத்துவிட்டார். முதல் நாளே வந்துவிடுங்கள். வேட்டி இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். கையில் எந்தக் கண்றாவியையும் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

என்னை நினைத்ததற்கு நாழிகைக் கணக்கெல்லாம் வேண்டாம். ருக்மணி, மாமா நண்டு சாப்பிடுவாரா என்று கேட்டாள். சாப்பிடுவார், ஆனால் ஓட்டை நாம்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பூங்காவனம்


சிங்கப்பூர்
13-9-1957

அன்புள்ள பூங்காவனம்,

நடந்தது நடந்துவிட்டது. நல்ல எண்ணத்தில்தானே தடுத்தேன்? பேத்திக்குத் தாலி கெட்ட நேரத்தில் ஏறக் கூடாது என்று தாத்தாவுக்குக் கவலை இருக்காதா? நீயும் சபையில் அப்படி எழுந்திருக்க வேண்டியதில்லை. நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

தவுக்கேயிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் பெட்டியோடு வரட்டுமா? பந்தியில் இரண்டு மூன்று பேர் நாழிகைக் கடிகாரம் கேட்டார்கள். மலாக்காவிலேயே ஒரு மேசை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்.

உன்,
பொன்னுதுரை


கஜா பேராங்
21-9-1957

பொன்னுதுரைக்கு,

கட்டியவன் பேரை எழுதக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன். கை ஒன்றும் விழுந்துவிடவில்லை.

நடந்தது நடந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். என்ன நடந்தது? எனக்கு மறக்காது. கோகிலாவின் கை மாப்பிள்ளை கையின் மேல் இருந்தது. உங்கள் கையில் செம்பு. தண்ணீர் விடச் சொன்னார் அய்யர். நீங்கள் இடுப்பு மடியிலிருந்து அந்தச் சனியனை எடுத்துப் பார்த்தீர்கள்.

"நிறுத்துங்கய்யா. முள்ளு கறுப்புக்குள்ள போயிருச்சு. ராகு காலம்."

இந்த ஊரில் ராகு காலத்துக்கு இன்னும் அரைமணி இருக்கிறது என்று அய்யர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்தியப் பஞ்சாங்கத்தில் சூரியன் உதிக்கிற ஆறு மணியை அப்படியே தகட்டில் இறக்கியிருக்கிறீர்கள். மலாக்காவில் சூரியன் உதிக்க ஆறரை தாண்டும்; ஆறு மணிக்குச் சேவல்கூடக் கண் விழிக்காது. அது தப்பு. தப்பு யாருக்கும் வரும். ஆனால் சொன்ன பிறகும் கேட்காமல், கறுப்பு கடக்கட்டும் என்று செம்பைக் கீழே வைத்தீர்களே! பிள்ளை கையை நீட்டியபடியே இருந்தாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சம்பந்தி மருதமுத்து என்னிடம் கேட்டார்: "என்னம்மா, பொண்ணு குடுக்கிறீங்களா, கடிகாரம் விக்கிறீங்களா?"

பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அவர் முகத்துக்கு நேராக அதை நீட்டி, முள் எங்கே, நாழிகை எங்கே என்று விளக்க ஆரம்பித்தீர்கள்.

அப்போதுதான் எழுந்தேன். என் தம்பி நல்லையாவையும் அவன் பெண்சாதியையும் மணையில் உட்காரவைத்தேன். அவர்கள் தாரை வார்த்தார்கள். தாலி ஏறியது. யார் தாரை வார்த்தது என்று கோகிலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு பந்தியில் பார்த்தேன். மோர்ச் சோறு பிசைந்த எச்சில் கையோடு, இலைக்கு இலை அதைக் காட்டிக்கொண்டு போனீர்கள். பதினாறு வருஷமாக உங்கள் மேல் எனக்குக் கோபம். அன்றைக்குக் கோபம் வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. கோபம் இருந்தவரைக்கும் இந்த வீட்டில் உங்களுக்கு ஓர் இடம் இருந்தது.

பெட்டியோடு வர வேண்டாம். மேசை போடுவதானால் தெங்கேராப் பக்கம் போடுங்கள். நான் அங்கே வருவதில்லை. கோகிலா செங்கில் நன்றாக இருக்கிறாள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் முன்னறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். உங்கள் வேலைக்கு வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலோரம் ஒரு மேசையும். தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் அறை தேடிக்கொண்டு வந்தார். நேற்று அவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். கட்டிலும் மேசையும் சேர்த்துத்தான்.

பூங்காவனம்