என் பதிவெண்ணில் உன் எழுத்து

கல்வராயன் மலை
14.9.2025

தமிழரசனுக்கு,

மணிமொழி மேடத்தின் வேலையைப் பறித்தவன் நீ. என் பெயரை வைத்துப் பறித்தாய்.

வெள்ளிமலை வரை போய் மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு டவர்தான் இல்லை, தபால் இருக்கிறது.

ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்துக்கு ஆள் எடுத்தார்கள். நம் கல்லூரியிலிருந்து பதினோரு பேர் போனோம். கடைசி ஆண்டில் எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல். அதிகாரி காசிநாதன் மதிப்பெண் பட்டியல்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டார். "எல்லாருக்கும் தொண்ணூறுன்னா நான் யாரைம்மா எடுக்கிறது?" என்றார். டைட்ரேஷன் செய்யச் சொன்னார். மற்றப் பத்துப் பேருக்கும் சொட்டு அதிகமாகிக் கரைசல் அடர் சிவப்பாகிவிட்டது. எனக்குக் கடைசி ஒரு சொட்டில் வெளிர் சிவப்பு வந்து நின்றது. முதலாண்டில் மேடம் என் பின்னால் நின்று, "அவசரப்படாத பவானி, இன்னும் ஒரு சொட்டுதான்" என்றது என் கையில் இருந்தது.

காசிநாதன் என் பட்டியலை மறுபடி எடுத்தார். முதலாண்டு செய்முறையில் 58. பிறகு 94, 96. "இந்த அம்பத்தெட்டு போட்டது யாரு? அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வா. அக்டோபர் முடியறதுக்குள்ள கொண்டாந்தா வேலை உனக்குத்தான்."

மேடம் திருக்கோவிலூரில் டியூஷன் எடுக்கிறார். போனேன். "லெட்டர் தரேன். ஆனா நான் உன்னை இன்னா சொன்னேன்னு அப்படி எழுதுன?" என்று கேட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டாமாண்டில் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிட்ட தாள். என் பதிவெண். எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஒன்று. கீழே ஒரு வரி: 'மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறார்.' அந்த வரியைக் காட்டித்தான் அவருடைய ஒப்பந்தத்தை முடித்தார்களாம்.

அது உன் கையெழுத்து. மூன்று வருடம் உன் நோட்டைப் பார்த்து எழுதியவளுக்குத் தெரியாதா?

"நான் எழுதல மேடம்" என்றேன். "பரவால்லம்மா" என்றார். நம்பவில்லை. லெட்டரை எழுதி மேசைமேல் வைத்தார். எடுக்காமல் வந்துவிட்டேன்.

அந்தத் தாளை நிரப்பிய அன்று நான் ஊரில் சாமை அறுத்துக்கொண்டிருந்தேன். ஏன் எழுதினாய்?

பவானி


ஸ்ரீபெரும்புதூர்
28.9.2025

அன்புள்ள பவானிக்கு,

'அன்புள்ள' என்பதை நீ விட்டுவிட்டாய். என்னால் விட முடியவில்லை.

வராதவர்களின் தாளை வகுப்புப் பிரதிநிதி நிரப்புவது நம் வழக்கம்தானே. ஆகாஷுக்கும் பாண்டியனுக்கும் எத்தனை முறை நிரப்பியிருக்கிறேன். அந்த முறை எனக்கு உள்மதிப்பெண் இருபத்தைந்துக்கு ஒன்பது. போய்க் கேட்டால், "ஒம்பதுக்குத்தான தம்பி எழுதியிருக்க" என்றார் மேடம். துறைத்தலைவருக்கும் அவர்மேல் கோபம், தேர்ச்சி குறைகிறதென்று. என்னைக் கூப்பிட்டு, "நீங்க எழுதினா யாரு கேப்பா? மலைப் புள்ள ஒன்னு எழுதினா மேல கேப்பாங்க" என்றார். உன் தாள் வெற்றாக என் கையில் இருந்தது.

அடுத்து வந்த சார் எனக்கு இருபத்து நான்கு போட்டார். அந்த மதிப்பெண்ணோடு இங்கே ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். லைனில் எல்லோரும் டிகிரி. சூப்பர்வைசர் பெயர் சொல்ல மாட்டான். "ஏ எம்பத்தஞ்சு பர்சன்ட், அந்தப் பெட்டியத் தூக்கு" என்பான். நாங்களும் சிரிப்போம்.

ஊருக்கு வந்தால் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை விட்டுத்தான் உட்காருகிறேன். நீ ஏறுவாய் என்று தோன்றும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் இதைச் சொல்லும்படி ஆகிவிட்டது.

மன்னித்துவிடு. மேடத்திடம் அந்த லெட்டரை வாங்கிக்கொள். என் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

உன்
தமிழ்


கல்வராயன் மலை
12.10.2025

அன்புள்ள தமிழுக்கு,

'அன்புள்ள' போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

கரியாலூரில் பஸ் நிற்கும்போதெல்லாம் நானும் இறங்கி ஒரு தரம் பார்க்கிறேன். நீ அங்கே வர வேலையே இல்லை, தெரியும். அந்த ஒன்றை நீ சொல்லியிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் கேள். மலைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நிஜமாகவே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. விடுதி வார்டன் கேட்டாள். உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஆகாஷ் கேட்டான். அப்போது நீ எந்தத் தாளிலும் எழுதவில்லை. கேட்காத ஒருத்தர்மேல் எழுதினாய். நான் பட்ட அவமானத்தை எடுத்து உன் பதினைந்து மதிப்பெண்ணுக்குச் செலவழித்தாய்.

மன்னிப்பை எனக்கு எழுதி என்ன பயன்? ஒரு தாளில் நடந்ததை எழுதி, உன் பெயரும் உன் பதிவெண்ணும் போட்டு மேடத்துக்கு அனுப்பு. இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பு. பிறகு நான் போய் அவர் முகத்தைப் பார்த்து அந்த லெட்டரை வாங்கிக்கொள்வேன்.

பவானி


கல்வராயன் மலை
23.11.2025

அன்புள்ள தமிழுக்கு,

அக்டோபர் முடிந்துவிட்டது. ஆலையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

நேற்று வெள்ளிமலை போய் மேடத்துக்குப் போன் செய்தேன். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. "அந்த லெட்டரை எடுத்துக்கினு போயிருக்கலாமேம்மா" என்றார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. அதை நீ சொல்ல வேண்டும்.

சாமை அறுத்தாகிவிட்டது. தபால்காரர் கண்ணாயிரம் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

இப்போது வேலைக்காகக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். மேடத்தின் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. தாளில் ஒரு எழுத்துகூட நான் எழுதவில்லை. உன் தாளை நான் நிரப்ப மாட்டேன்.

எழுது.

பவானி