உறுமி ஒலித்ததும் நான் சொன்னது

என் சரசு அக்காவுக்கு,

நீ இல்லாத முதல் திருவிழா நேற்று முடிந்தது. கோலா பிலா பக்கத்து நம் ரப்பர்த் தோட்டத்துக் காளியம்மன், உறுமி மேளம் கேட்டதும் வருசா வருசம் இறங்கியது உன்மேல்தான். நீ போனதிலிருந்தே, இனி யார்மேல் வருவாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

உன் காரியத்தன்று உறுமி கேட்டதும் என் கால்கள் நடுங்கின. துக்கம் என்று நினைத்தேன். பிறகு, நான் வேலை பார்க்கும் சிரம்பானில் ஏதோ ஒரு கடையில் உறுமிப் பாட்டுப் போட்டாலும் உடம்பு உதறியது. நான் டயாலிசிஸ் பிரிவில் தாதி, அக்கா. கை நடுங்கினால் ஊசி எப்படிக் குத்துவது? டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், ரெஸ்ட் எடுங்க" என்றார். அதைக் கேட்டதும் பயம் கூடிவிட்டது. நோய் என்றால் மாத்திரை உண்டு. அம்மன் என்றால்?

திருவிழாவுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். மாமா போன் செய்தார். "ஒங்கக்கா எடத்துல நீ நிக்க வேணாம்லா. சும்மா வந்து சாமி கும்பிட்டுட்டு போ." பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதருக்கு எப்படி முடியாது என்று சொல்வது?

கோயில் வாசலில் செருப்புகள் கிடந்த இடத்தில், எல்லாருக்கும் பின்னால் நின்றேன். உறுமி தொடங்கியது. வியர்த்தது, பல் கிட்டியது. எனக்கு முன்னால் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. போன்கள் உயர்ந்தன. யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

வயதான ஓர் அம்மா என் காலில் விழுந்தார். "தாயே, எம்மவன் சிங்கப்பூர்லேருந்து பேசறதே இல்ல. திரும்பி வருவானா?"

எனக்கு என்ன தெரியும், அக்கா? உன் குரல் வரும் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "எனக்குப் பயமா இருக்கு."

உறுமி நின்றுவிட்டது. அந்த அம்மா எழுந்து என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "எனக்கும் பயந்தான்மா" என்றார். அம்மன் என்ன சொன்னாள் என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மாமா என்னைக் கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்கு அழைத்துப்போய் முகம் கழுவச் சொன்னார். "ஒங்கக்காவும் இங்கதான் வந்து நிப்பா," என்றார். "திருவிழா அன்னிக்கு ஒரு வாய் சாப்பிட மாட்டா. பயத்துல வாந்தி எடுத்துட்டு, வாயக் கழுவிட்டுத்தான் முன்னால போவா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

ஏன் சொல்லவில்லை, அக்கா? நெருப்பு மாதிரி நின்றாயே. நீயும் நடுங்கிக்கொண்டுதான் நின்றாயா? உன்மேல் வந்தது அம்மனா, அந்தப் பயமேதானா? உனக்காவது தெரிந்ததா?

நான் பேசிய வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். வார்டில் யார் பார்த்திருப்பார்கள், மேட்ரன் என்ன கேட்பார் என்று தெரியவில்லை. ஆனாலும் போவேன்.

அடுத்த வருசமும் வருவேன், அக்கா. அவள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும், இனி உறுமிக்குப் பக்கத்திலேயே நிற்பேன். பயந்தால் பயம் என்றே சொல்வேன். உன்னை மாதிரி தனியாக வைத்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி மல்லிகா