நல்ல கன்னம்

என்னங்க,

பிள்ளைகள் எதிரில் கேட்க நாக்கூசுகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷனில் உங்கள் மார்புச் சதையைத் தோலோடு எடுத்துக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். பிறகு வாய்க்குள்ளேயே முடி முளைத்தது. கஞ்சி ஊட்டும்போது பார்த்தேன், அருவருக்கவில்லை. சீழ் துடைத்தபோதும் இல்லை.

இன்று உங்கள் தலையணை உறையில் புகையிலைச் சாறு ஒழுகியிருந்தது. மிச்சமிருக்கிற நல்ல கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறீர்கள். முத்தியால்பேட்டைப் பெட்டிக்கடைக்காரர், “அண்ணன் டெய்லி வாங்கறாரே, ஒடம்பு தேறிடுச்சா அண்ணி?” என்கிறார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தூ!

புகையிலையை விடாவிட்டால் புற்று திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினீர்களே. நீங்கள் வெளியே போனதும், மறுபடி வந்தால் என் சதையை எடுத்து வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

ஆகாதாம்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கஞ்சி கரைப்பவள்