நாய் படுத்திருந்த இடம்

பிரியமுள்ள மாமாவுக்கு,

உங்களைக் கொன்றது, இரும்பு உருக்கும் பவுண்டரிக்காரர்கள் ஏரியில் கொட்டிய நெருப்பு. கருப்பு நாய் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் மத்திகிரியிலிருந்து உங்கள் ஊர் ராயக்கோட்டை வரைக்கும் இப்போது வேறு கதை ஓடுகிறது. பேய் நாய் துரத்தியதாம். நீங்கள் பயந்து வழியை விட்டு ஓடினீர்களாம். ஓடிப்போய் நீங்களாகவே கசடுக் குவியலில் இறங்கினீர்களாம்.

நீங்களா பயந்தீர்கள்?

முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "ஏரி வழியாப் போவாதீங்க, பனியில அந்த நாய் நிக்குதாம்." நீங்கள் டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டே கேட்பீர்கள்: "அது பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? பர்மனென்ட்னா சொல்லு, ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போறேன்." அக்கா கரண்டியை ஓங்குவாள். நான் போர்வைக்குள் சிரிப்பேன்.

அந்த நாயின் கதை நாம் இங்கே வாடகைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. வேப்பனப்பள்ளி மாந்தோப்புக் காவல்காரர்கள் பார்த்திருக்கிறார்களாம். கண் கங்கு மாதிரி இருக்குமாம், குரைக்காதாம், காலடி பதியாதாம். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரும் சொல்வது ஒரே நாயைத்தான். எதிரே வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையிலிருக்கும் சோற்றில் ஒரு பிடி போட்டுவிட்டு நேராக நடக்க வேண்டும். சாமிக்கு வேண்டிக்கொண்டு மறந்தவர்கள் வீட்டைத்தான் அது தேடி வரும்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் இப்போது அக்காவின் கழுத்தை நெரிக்கிறது. துக்க வீட்டில், இன்னும் பாடை கட்டி முடிக்கவில்லை, உங்கள் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்: "பைரவருக்கு வடைமாலை சாத்தறேன்னு வேண்டிக்கிட்டியே, சாத்துனியாடி?" சாத்தவில்லைதான். மாதம் முழுக்க உங்களுக்கு ஓவர்டைம், எந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன் மாமா, தப்பாக இருந்தால் திருத்துங்கள். தண்ணீர் பார்த்து வெகு காலமான ஏரி அது. வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற ரோட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. அங்கேதான் பவுண்டரி லாரிகள் எரிந்த மண்ணையும் உலைக் கசடையும் கொட்டுகின்றன. மேலே ஆறிக் கறுத்துக் கிடக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வேலி கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. அன்றைக்கு விடியும்போது ஓசூர்ப் பனி. புதிதாக வாங்கிய செல்போனில் டார்ச் இருக்கிறதென்று ஊரெல்லாம் காட்டினீர்களே, அந்த வெளிச்சம் பனியில் ஒரு முழம் கூடப் போயிருக்காது. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டீர்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை பேசினீர்கள். "அங்க நாய் படுத்திருந்துச்சுடா… அதான்…" அதற்குள் நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார். பழப்பையோடு வந்து நின்றிருந்த பவுண்டரி சூப்பர்வைசரும் அதைக் கேட்டார். வராந்தாவுக்கு வந்ததுமே, "பார்த்தீங்களா, அவரே சொல்றாரு, நாய்னு" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். போலீசுக்கும் அது போதுமாக இருந்தது.

ஏரிக்கரை டீக்கடை நாராயணப்பா அன்றைக்கே என்னிடம் தனியாகச் சொன்னார்: லோடைக் குவியலில் கொட்டாமல் வழி மேலேயே கொட்டியிருந்தார்கள், போலீஸ் வருவதற்குள் ஜேசிபி வந்து தள்ளிவிட்டது. காரியம் முடிந்த பிறகு நாலு பேர் முன்னால் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"வழி மேலதானே லோடு கிடந்துச்சு, நாராயணப்பா?"

"ஏன் தம்பி காலங்காத்தால? டீ குடி."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் நாயைத்தான் பார்த்தேன்பா. எருமைக் கன்னு உசரம்."

பெஞ்சில் கரி முகத்தோடு உட்கார்ந்திருந்த பவுண்டரி ஆள் ஒருவர் கேட்டார்: "போன வாரம் ஆட்டு உசரம்னீங்க. வளருதா என்ன?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் மாமா, உங்கள் பேச்சு மாதிரியே இருந்ததால். கிளம்பும்போது நாராயணப்பா என் பின்னாலேயே வந்தார். "கடை என்னுது தம்பி. கடை நிக்கிற இடம் அவங்களுது." அதோடு திரும்பிவிட்டார்.

விளக்குக் கம்பமும் வேலியும் வேண்டுமென்று நாங்கள் சிலர் பவுண்டரி கேட்டில் போய் நின்றோம். அவர்கள் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பைரவர் என்றார்கள். தேய்பிறை அஷ்டமிக்கு அவர்கள் செலவிலேயே பூஜை. ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் கல்லுக்கு முன்னால் ஆளுக்கொரு பிடி சோறு போடுகிறார்கள். அக்காவும் போடுகிறாள். ஆமாம், அக்கா இப்போது கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். வேன் நிற்பது அதே ரோட்டில். அதே ஏரி வழி.

போன வாரம் விடிய விடிய மழை. காலையில் அக்காவோடு நானும் நடந்தேன். குவியலின் ஓரத்தில், ஆவி பறக்கிற கறுத்த மண் மேல், அந்தக் கருப்பு நாய் சுருண்டு படுத்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விசிலடித்தேன். அது எழுந்து உடம்பை உதறியது. கரித்தண்ணீர் தெறித்தது. முதுகெல்லாம் செவலை.

நம் தெருமுனைச் செவலை, மாமா! இடது காது கிழிந்தது. நீங்கள் வறுக்கி ரொட்டி போடுவீர்களே, அதே நாய். வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் பையை மோந்தது. சோறு போடுகிறார்கள், அதனால் வருகிறது. குளிருக்கு மண் இதமாக இருக்கிறது, அதனால் படுக்கிறது. கரி அப்பிக்கொள்கிறது. இதுதான் கண் கங்காய் எரிகிற நாய்.

அங்கேயே நின்றபோதுதான் உங்கள் பேச்சு எனக்கு விளங்கியது. விளங்கியதென்று நினைக்கிறேன். தெரியாத தரையில் நாமெல்லாம் எப்படி நடப்போம்? நாய் படுத்திருக்கிற இடம் கெட்டித் தரை. அங்கே சேறு இருக்காது, பாம்பு இருக்காது, சுடாது. வழியை மறித்துப் புது மண் கிடந்தது. ஓரத்தில் நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. அதான் அந்தப் பக்கமாகக் கால் வைத்தீர்கள். நாயின் எடையை அந்த மேல்மண் தாங்கியது. உங்களைத் தாங்கவில்லை. துரத்திய நாய்க்குப் பயந்து நீங்கள் ஓடவே இல்லை. படுத்திருந்த நாயை நம்பி நடந்தீர்கள். அப்படித்தானே?

அக்காவிடம் சொன்னேன். "பாருக்கா, நம்ம செவலை. வடைமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

அக்கா நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப அவரைக் கூட்டிட்டுப் போனது வேற நாய்" என்றாள்.

"அக்கா!"

"கத்தாதடா. நாய்னா ஒரு பிடி சோறு போட்டுட்டு நடந்திடுவேன். பவுண்டரின்னா நான் என்னத்தைப் போடறது? நாளைக்கும் இதே வழியிலதானே வேலைக்குப் போவணும்?"

நீங்களாக இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள் மாமா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கல்லுக்கு நான் ஒரு பருக்கை போட மாட்டேன். குவியலை அள்ளுகிற வரைக்கும், தினமும் காலையில் அக்காவுக்கு முன்னால் கடப்பாரையோடு நடப்பேன். குத்திப் பார்த்து, உள்ளே சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் கால் வைப்பாள். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆனால் நான் சொல்வது ஊகம் என்கிறார்கள். சூப்பர்வைசர் உங்கள் பேச்சில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபாதி உங்களிடம் இருக்கிறது. அது கிடைக்காமல் அக்கா என்னை நம்ப மாட்டாள், உங்கள் அம்மா அவளை விட மாட்டார். சொல்லி முடியுங்கள் மாமா. அங்கே நாய் படுத்திருந்தது. அதான்?

போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்த
உங்கள் மச்சினன்